ஏலாது எண்ட டொக்குத்தர்

என்ரை வயித்தைக் கீறேக்கை நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை அண்ணை. குருநகரிலை ஆரை வேணுமெண்டாலும் கேட்டுப் பாருங்கோ.

கேக்காதேங்கோ. பொய். மயக்கிப்போட்டுத்தான் கீறினவை, மயங்கிக் கிடக்கிறவன் எங்கை அழுறது? அழவேண்டியதை எல்லாம் அதுக்கு முதலே அழுது முடிச்சிட்டன். தியேட்டருக்குள்ளை தள்ளிக்கொண்டு போகேக்கை வண்டில் தள்ளின அட்டென்டனைக் கட்டிப்பிடிச்சு, "ராசா, என்னை விட்டிட்டுப் போகாதை" எண்டு குழறினனானாம். அந்தாள் எங்கடை ஒழுங்கையிலை பொம்பிளை எடுத்தவர். நான் கண் முழிக்க முதல் குருநகர் முழுக்கக் கதை பரவிப்போட்டுது.

இருங்கோ, இருங்கோ. உந்த வாங்கு கொஞ்சம் ஆடும், ஆனா விழாது. உங்கடை ஆளும் உள்ளுக்கோ? மகளோ? சரி சரி, அந்தக் கதவையே பாத்துக்கொண்டிருந்தா அது திறக்காது, நான் காலமை தொடக்கம் பாத்துக் களைச்சிட்டன். என்ரை மனிசி உள்ளுக்கு. ஜெசிந்தா. பித்தப்பையிலை கல்லு. வயித்திலை நாலு சின்ன ஓட்டை போட்டு, ஒண்டுக்குள்ளாலை கமராவை விட்டு, ரீவியிலை பாத்துப் பாத்துப் பையை எடுக்கிறது. எனக்கும் உதே வருத்தம்தான் வந்தது. ஒரே சட்டியிலை திண்ட ஆக்களுக்கு வேறை வேறை வருத்தமே வரும்?

இப்ப வந்திருக்கிற டொக்குத்தர் நல்ல பிள்ளை. சின்ன வயசு, சிரிச்ச முகம். ஜெசிந்தாவை "அம்மா, அம்மா" எண்டுதான் கூப்பிடுவார். போனிலை படம் போட்டுக் காட்டி, "இவ்வளவுதான் அம்மா, நாளையிண்டைக்கு வீட்டை போயிடலாம்" எண்டார். இவளுக்குப் பெத்த மகனைக் கண்ட மாதிரி. நேற்று நான் அவருக்குப் பின்னாலை போய் ஆறுதலாக் கேட்டன், "ஐயா, உள்ளுக்குப் போனாப்பிறகு ஏலாமல் கிடந்தா நிப்பாட்டுவியள்தானே?" எண்டு. என்ரை தோளிலை தட்டிப்போட்டு, "எங்களுக்கு அப்பிடியெல்லாம் வாறேல்லை ஐயா" எண்டு சிரிச்சார்.

அந்தச் சிரிப்போடை போனதுதான் என்ரை நித்திரை.

ஏனெண்டா எனக்கு வெட்டின மனிசன் சிரிச்சு நான் காணேல்லை. அந்தாளை எனக்குக் கண்ணிலை காட்டேலாது. இப்பவும்தான். பேர் சொல்லமாட்டன், சொன்னா வாய் கசக்கும். நாங்கள் வைச்ச பேர் "ஏலாது". வேற ஊரிலை டொக்குத்தர்மார் வாயைத் திறந்தா "பயப்பிடாதேங்கோ" எண்டு வரும். உந்தாள் வாயைத் திறந்தா "ஏலாது" எண்டுதான் வரும். ஒரு டொக்குத்தர், அதுவும் கத்தி பிடிக்கிற டொக்குத்தர், தனக்கு ஏலாது எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சா சனம் என்னண்டு நம்பும் சொல்லுங்கோ? நான் மீன் வெட்டுறவன். சந்தையிலை ஒரு மனிசி வந்து சுறாவைக் காட்டி வெட்டித் தா எண்டு கேக்க, நான் "எனக்கு ஏலாது பிள்ளை" எண்டு சொன்னா, அடுத்த பலகைக்குப் போயிடுவா. பேந்து நான் கத்தியைக் கடலிலை எறிஞ்சிட்டு வீட்டை போகவேண்டியதுதான்.

ஆள் நெடுவல். கழுத்து நீட்டு. நடக்கேக்கை தலை முன்னாலை போகும், உடம்பு யோசிச்சு யோசிச்சுப் பின்னாலை வரும். சேட்டுப் பொக்கற்றிலை எந்த நேரமும் ஒரு மொத்த நீலப் பேனை. ஒரு பழைய மோட்டச்சைக்கிள் வைச்சிருந்தவர். கேற் இல்லாத ரெயில் கடவைக்கு வந்தா, எஞ்சினை நிப்பாட்டி, இறங்கி, ஸ்ராண்டைப் போட்டு, தண்டவாளத்தடிக்கு நடந்து போய், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாத்துப்போட்டுத்தான் திரும்பி வந்து ஏறுவார். கோச்சி வாற நேரம் ஊருக்கே தெரியும், ஆனா அந்தாளுக்கு அது காணாது. பின்னாலை ஓட்டோக்காரர் ஹோண் அடிச்சு, வாயிலை வந்ததெல்லாம் சொல்லிப் பேசுவாங்கள். ஒரு நாள் நானும் அதிலை ஒரு ஓட்டோவுக்குள்ளை இருந்து பேசினனான். ஆளைத் தெரிஞ்சுதான் பேசினனான், அதிலை ஒரு சந்தோசம்.

முதல் நாள் கிளினிக்கிலை என்ன நடந்தது தெரியுமோ? மேசைக்கு முன்னாலை போய் இருந்தன். என்ரை முகத்தைப் பாக்கேல்லை. ஸ்கான் படத்தைப் பாத்தார். எழும்பி வந்து விலாவுக்குக் கீழை அமத்தினார், நான் குழறினன். பேசாமல் திரும்பிப் போயிருந்து எழுதினார். எனக்கு வாய் சும்மா இராதெல்லே. நாலாம் வகுப்பிலை வாத்தியார் என்னைக் கலைச்சதே என்ரை வாயாலைதான், படிப்பு எனக்கு வராதெண்டது அந்தாளுக்குப் பேந்துதான் தெரியும்.

"ஐயா, நானும் உங்கடை தொழில்தான்" எண்டன். "மீன் வெட்டுறவன். பாரையின்ரை பித்தப்பையை உடையாமல் ரெண்டு விரலாலை எடுத்து எறிவன். உது ஒரு வேலையே?"

நேர்ஸ்மார் சிரிச்சவை. அந்தாள் தலை நிமித்தேல்லை.

"நீர் வெட்டின மீனிலை எத்தினை எழும்பி வீட்டை போனது?"

அண்ணை, சந்தையிலை என்னோடை வாய் குடுத்துப்போட்டுத் தப்பிப் போனவன் இல்லை. அண்டைக்கு எனக்கு நாக்கு உள்ளுக்குப் போட்டுது. வெளிக் கேற்றடிக்கு வந்தாப்பிறகுதான் ஒரு மறுமொழி வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன் எண்டு வெளிக்கிட, ஜெசிந்தா சேட்டிலை பிடிச்சு இழுத்திட்டாள். என்ன மறுமொழி எண்டு கேக்காதேங்கோ. இப்ப யோசிச்சா அதுவும் பெரிசா ஒண்டுமில்லை.

பேந்து ஒப்பரேசனுக்கு நாள் தந்தவை. காலமை தண்ணியும் குடிக்காமல் படுத்திருக்கிறன். அந்தாள் தியேட்டருக்கு வந்து காஸ் சிலிண்டரைத் தட்டிப் பாத்தவராம். ஓட்டை போட்டாப்பிறகு வயித்தைக் காஸ் அடிச்சு ஊதித்தானே கமரா விடுறவை, அந்தச் சிலிண்டர். அது நிறைஞ்சு கிடந்தது. "மற்றது எங்கை?" எண்டு கேட்டாராம். மற்றது வரேல்லை, லொறி இன்னும் வரேல்லை எண்டு சொல்லியிருக்கினம். "ஒண்டு முடிஞ்சா? ஏலாது." திரும்பிப் போட்டார். வரிசையிலை கிடந்த எங்கள் எல்லாரையும் சாப்பிட்டிட்டு வீட்டை போங்கோ எண்டிச்சினம்.

அடுத்த முறை சிலிண்டர் ரெண்டும் கிடந்தது. கமராவோடை போற லைற்றின்ரை பல்ப் ஒண்டுதான் கிடந்தது. திரும்பவும் ஏலாது.

அண்டைக்கு ஜெசிந்தா வாட்டு வாசல்லை மறிச்சுக்கொண்டு நிண்டு கத்தினாள் பாருங்கோ. "வெளியிலை வெயில் மண்டையைப் பிளக்குது, உமக்கு வெளிச்சம் காணாதோ? என்ரை மனிசன்ரை வயித்துக்குள்ளை போயிருந்து புத்தகமே வாசிக்கப் போறீர்?"

அந்தாள் அவள் முடிக்கும் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிண்டார்.

"முடிஞ்சுதோ? நான் உள்ளுக்கு நிக்கேக்கை இருக்கிற ஒரு பல்பும் போனா, நீர் வந்து ரோச் பிடிப்பீரோ?"

"ஓம், பிடிப்பன்!"

"ஏலாது. விலத்தும்."

இவளை அப்பிடிச் சொல்லிப்போட்டு உயிரோடை நடந்து போன ஒரே ஆம்பிளை அந்தாள்தான். எனக்கு இண்டு வரைக்கும் அந்தத் துணிவு வரேல்லை.

பங்குச் சுவாமியைக் கொண்டு போன் எடுப்பிச்சம். ஏழைச் சனம், தொழிலை விட்டிட்டு வந்து வந்து போகுதுகள், ஒருக்கா மனம் வையுங்கோ எண்டு சுவாமி நல்ல வடிவாத்தான் கதைச்சவர். அந்தாள் கேட்டாராம், "அப்பமும் திராட்சை ரசமும் இல்லாமல் நீங்கள் பூசை வைப்பியளோ ஃபாதர்?" எண்டு. சுவாமி எங்களிட்டைத் திரும்பி வந்து, "அவர் சொல்லுறதும் சரி போலைதான் கிடக்கு" எண்டார். எங்கடை ஆளையே எங்களுக்கு எதிராத் திருப்பிப்போட்டான் அறுவான்.

கடைசியாச் சிலிண்டரும் ரெண்டு, பல்பும் ரெண்டு, எல்லாம் சரி. ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் அந்தாள் வாட்டுக்கு வந்தார். வணக்கமில்லை, சுகமோ எண்ட கேள்வியில்லை. என்ரை சேட்டை உயத்தினார். அந்த மொத்தப் பேனையாலை ஓட்டை வாற இடத்துக்கெல்லாம் புள்ளி வைச்சார். பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழை, சரிவா, நீட்டா ஒரு கோடு கீறினார்.

"உது என்னத்துக்கு ஐயா?"

"புள்ளியாலை போய்ப் பாப்பன். ஏலாட்டி, கோட்டிலை வெட்டுவன்."

"ஏலாட்டி எண்டா என்னய்யா?"

"ஏலாட்டி எண்டா ஏலாது."

போட்டார். நான் அந்தக் கோட்டைப் பாத்தன். ஓட்டை எண்டா அடுத்த கிழமை சந்தையிலை நிப்பன். கோடு எண்டா மாசக் கணக்கிலை குனியேலாது, பாரம் தூக்கேலாது, கத்தி ஓங்கேலாது. அடுத்த பலகையிலை நிக்கிறவன் சூசை. என்ரை ஆக்களை எல்லாம் தன்ரை பக்கம் இழுத்துப்போடுவான். அவனும் பித்தப்பை எடுத்தவன்தான், வேற இடத்திலை, ஓட்டை போட்டு. ஆர் கேட்டாலும் கேக்காட்டியும் சேட்டை உயத்தி அந்தத் தழும்பைக் காட்டுவான். மீன் வாங்க வாற பொம்பிளையளுக்கும் காட்டுவான், வெக்கங்கெட்டவன். நான் அவனுக்கு முன்னாலை நிண்டு, "உன்ரையிலும் பாக்க எனக்குச் சின்ன ஓட்டைதான் வரும், பார்" எண்டு சந்தை முழுக்கக் கேக்கச் சொல்லிப்போட்டு வந்து படுத்திருக்கிறன்.

அண்டைக்குப் பின்னேரம் பாக்க விட்ட நேரத்திலை ஜெசிந்தா வந்தாள், அந்தோனியார் கோயில் விளக்கிலை எடுத்த எண்ணெயோடை. எங்கடை ஆக்கள் ஆருக்கும் வருத்தமெண்டா அந்த எண்ணெய் பூசாமல் விடமாட்டினம். செபம் சொல்லிச் சொல்லி வயிறு முழுக்கப் பூசினாள். பூசேக்கை கோடு கொஞ்சம் கலங்கிச்சுது. ரெண்டு பேரும் பாத்தம். பேந்து அவள் செபத்தை நிப்பாட்டாமலே, புள்ளியளை விட்டு விலத்தி, அந்தக் கோட்டை மட்டும் சீலைத் தலைப்பாலை தேய், தேய் எண்டு தேச்சாள். எனக்குத் தோல் எரிஞ்சுது. அவள் சொன்னாள், "சின்ன ஓட்டைக்கு அந்தோனியாருக்குச் சம்மதம். உதுக்கு இல்லை."

நான் தடுக்கேல்லை. வாயாலை ஆமென் வேற சொன்னன்.

அடுத்த நாள் தியேட்டர்க் கட்டிலிலை அந்தாள் வந்து துணியை விலத்தினார். வயிறு எண்ணெயிலை பளபளவெண்டு கிடக்கு, பொரிக்கப் போட்ட மாதிரி. புள்ளியெல்லாம் இருக்கு.

"கோடு எங்கை?"

"அந்தோனியார் எடுத்திட்டார் ஐயா."

ஒருத்தரும் சிரிக்கேல்லை. என்ரை பகிடிக்கு ஒருத்தரும் சிரிக்காத இடம் அது ஒண்டுதான்.

"அப்ப மிச்சத்தையும் அவரையே எடுக்கச் சொல்லும்." கையுறையைக் கழட்டினார். "கோட்டை அழிச்சவர் வெட்ட வேண்டாமெண்டு சொல்லுறார். வெட்ட விடாத ஆளுக்கு நான் ஓட்டையும் போடமாட்டன். இறக்குங்கோ."

"ஐயா! ஒரு கோடுதானே, திரும்பக் கீறுங்கோ."

"நான் கீறினது பிடிக்கேல்லையெல்லே. நீர் கீறும்."

பேனை என்ரை நெஞ்சிலை வந்து விழுந்துது. படுத்துக் கிடந்துகொண்டு, காணாத இடத்திலை கோடு கீறிப் பாருங்கோ. என்ரை கோடு தொப்புளடியிலை வெளிக்கிட்டு நெஞ்சாலை ஏறி எங்கையோ போச்சு.

"வலப்பக்கம். வலப்பக்கம் எதெண்டு தெரியுமோ?"

"சோறு தின்னுற கை ஐயா."

"அந்தப் பக்கம். விலாவுக்குக் கீழை. இன்னும் நீட்டா."

கீறினன். அதோடை விட்டாரே? ஜெசிந்தாவைக் கதவடிக்குக் கூப்பிடுவிச்சார். நான் உள்ளுக்குக் கிடந்து கேக்கிறன்.

"ஓட்டையாலை ஏலாட்டி வெட்டவோ, விடவோ?"

"உம்மடை மனிசி எண்டா இப்பிடிக் கேப்பீரோ?"

"எனக்கு மனிசி இல்லை. வெட்டவோ, விடவோ?"

"வெட்டித் துலையும்!" எண்டு குழறினாள்.

கண் முழிக்கேக்கை வலப்பக்கம் முழுக்கப் பிளாஸ்ரர். கையை வைச்சுப் பாத்தன், முடிவே இல்லாமல் போகுது. விளங்கிச்சு. இருமினா நோகுது, தும்மினா நோகுது, ஆரும் பகிடி விட்டா உயிர் போகுது. நான் பகிடி விட்டே சீவிக்கிற மனிசன். அடுத்த நாள் அந்தாள் கட்டிலடிக்கு வர, எனக்கு வந்த விசரிலை எழும்பப் பாத்தன், நோ விடேல்லை, படுத்துக் கிடந்தே பேசினன்.

"ஏலாதெண்டா ஏன் தொட்டனியள்?"

"தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"சூசைக்கு ஏலுமா இருந்துதே!"

"சூசையின்ரை வயித்துக்குள்ளை நான் பாக்கேல்லை."

"உங்களுக்கு வெக்கமில்லையோ? இத்தினை ஆக்களுக்கு முன்னாலை ஏலேல்லை எண்டு சொல்ல?"

நேர்ஸ் என்ரை வாயைப் பொத்துற மாதிரிக் கையைக் காட்டினா. அந்தாள் அண்டைக்குத்தான் முதல் முதல் என்ரை முகத்தைப் பாத்தார். நல்ல பார்வை இல்லை. கடன்காரனைப் பாக்கிற பார்வை.

"உள்ளுக்கு எல்லாம் ஒட்டிப்போய்க் கிடந்தது. பையிலையிருந்து வாற குழாய் எது, ஈரலிலையிருந்து குடலுக்குப் போற குழாய் எது எண்டு எனக்குத் தெரியேல்லை. முதலாவதை வெட்டலாம். ரெண்டாவதை வெட்டினா நீர் முடிஞ்சீர். தெரியேல்லை எண்டா நான் வெட்டமாட்டன்."

அடுத்த கட்டிலுக்குப் போட்டார். அந்தாள் என்னோடை கதைச்ச பெரிய கதை அதுதான்.

சந்தையிலை என்னை என்ன பாடு படுத்தினவங்கள் எண்டு நினைக்கிறியள்? முதல் நாள் ஒரு கையாலை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சும்மா பாக்கப் போனன். சூசை பெட்டியிலை ஏறி நிண்டு, ஏலம் கூறி விக்கிற குரலிலை, "சாவி ஓட்டையாலை எடுக்கிறம் எண்டு போனவனுக்கு வாசல் படலையையே கழட்டி விட்டிருக்கிறாங்களடா!" எண்டு கத்தினான். சந்தையே விழுந்து சிரிச்சுது. நானும் சிரிக்க வெளிக்கிட்டு, நோ தாங்கேலாமல் அழுதன், அதுக்கும் சிரிச்சினம். சூசைக்கு இண்டு வரைக்கும் ஒரு கோளாறும் இல்லை. குத்துக்கல்லு மாதிரி நிக்கிறான். அவனுக்கு ஏதும் வந்திருந்தா எனக்கு ஒரு ஆறுதல்... சீ, அப்பிடி நினைக்கக் கூடாது. நினைச்சனான்தான்.

மருந்து கட்ட வந்த ஒரு நாள், உதே மாதிரி ஒரு வாங்கிலை ஒரு பிள்ளை இருந்தது. கோப்பாய்ப் பக்கம், சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவ எண்டு பேந்து சொன்னா. மெலிஞ்ச உடம்பு. கண் ரெண்டும் மஞ்சள். சட்டைக்குக் கீழாலை ஒரு குழாய் வந்து பை ஒண்டிலை விழுந்துகொண்டிருக்கு. நான் வழமை போலை சனத்துக்கு என்ரை கதையை அவிட்டு விட்டுக்கொண்டிருக்கிறன், கோடு அழிச்சது, இவளைக் கதவடிக்குக் கூப்பிட்டது, எல்லாம். எல்லாரும் சிரிக்கினம், அந்தாளைத் திட்டுகினம். அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கேல்லை.

"உங்கடை மனிசியைக் கூப்பிட்டுக் கேட்டவரோ?" எண்டா.

"ஓம் பிள்ளை, விசரன்."

"எங்கடை அம்மாவையும் அந்தக் கதவடிக்குக் கூப்பிட்டவர் அண்ணை. கேக்க இல்லை. சொல்ல."

எனக்கு விளங்கேல்லை. அந்தப் பிள்ளை ஆறுதலாத்தான் சொன்னா. அவவுக்கும் உந்த ஒப்பரேசன்தானாம், உந்தாள்தானாம். அப்ப உந்தாள் நல்லாக் கதைப்பாராம், சிரிப்பாராம்கூட. வரிசையிலை நிறைய ஆக்கள், காஸ் முடியப் போகுது, லைற் மங்குது, படம் வடிவாத் தெரியேல்லை. உதுதான் குழாய் எண்டு நினைச்சு வெட்டியிருக்கிறார். மற்றக் குழாய். பேந்து கொழும்புக்குக் கொண்டு போய், திரும்பத் திரும்ப வெட்டி, இப்பவும் குளிரும் காய்ச்சலும் எண்டு வந்து படுக்கிறாவாம்.

"பிழையா வெட்டினது நான்தான் எண்டு தானே வந்து சொன்னவர்" எண்டா. "சொன்னாப்போலை? அண்டைக்கு ஏலாது எண்டு சொல்ல வாய் வரேல்லைத்தானே."

கிளினிக் கதவு திறந்துது. அந்தாள் வெளியிலை வந்தார். நாங்கள் அவ்வளவு பேர் இருக்க, அந்தப் பிள்ளையைத்தான் முதல் கூப்பிட்டார். பேர் சொல்லி இல்லை, கதவைப் பிடிச்சுக்கொண்டு தலையைக் குனிஞ்சு நிண்டார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அவரின்ரை முகத்தைப் பாக்கேல்லை. பையைத் தூக்கிக்கொண்டு, அந்தாளைத் தாண்டி, தன்ரை வீட்டுக்குள்ளை போற மாதிரிப் போனா. ஒவ்வொரு கிளினிக்கும் உப்பிடித்தானாம். மருந்து கட்டுற நேர்ஸ் சொன்னா.

அதைக் கண்டு எனக்கு மனம் இளகிச்சு எண்டு நினைக்கிறியளோ? இல்லை. இன்னும் எரிஞ்சுது. அந்தப் பிள்ளைக்குச் செய்த பிழைக்கு என்ரை வயித்திலை கணக்குத் தீக்கிறதோ எண்டுதான் நினைச்சன். மழை வரேக்கை என்ரை தழும்பு இப்பவும் இழுக்கும். இழுக்கிற நேரமெல்லாம் அந்தாளுக்கு ஒரு தூசணம் சொல்லாமல் நான் விடுறேல்லை.

ஆனா அண்ணை, உந்தச் சிரிக்கிற டொக்குத்தர்ப் பிள்ளை இருக்கிறார் பாருங்கோ, இவருக்கு வாங்கிலை வந்திருக்க அந்தக் கோப்பாய்ப் பிள்ளை மாதிரி ஒரு ஆள் இன்னும் இல்லை. எல்லாருக்கும் ஒரு முதல் ஆள் வருமெல்லே. அது ஆரெண்டதுதான் எனக்கு இப்ப பயம். காலமை போனவள். இவ்வளவு நேரமெடுக்குமே? உங்களுக்குத் தெரியுமோ? எனக்கு அப்ப எவ்வளவு நேரமெடுத்தது எண்டு நான் இவளிட்டை ஒருக்காலும் கேக்கேல்லை. நான் படுத்துக் கிடந்தனான், இவள்தானே உதிலை இருந்தவள்.

சரி, விடுங்கோ. அந்தாள் மாற்றலாகிப் போக முதல் ஒரு நாள் சந்தைக்கு வந்தவர், அதைச் சொல்லுறன். நான் திரும்பத் தொழிலுக்கு வந்து கொஞ்ச நாள்தான். நெடுவலா ஒரு ஆள் ஒரு பாரையைத் தூக்கி என்ரை பலகையிலை வைக்குது. நிமிந்து பாத்தா, உவர். சூசையின்ரை பலகை சும்மா கிடக்க, என்னட்டை. "வெட்டும்" எண்டார். சூசை வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறான். எனக்கு உள்ளுக்கு ஒரு சந்தோசம். இண்டைக்கு நீர் என்ரை தியேட்டருக்குள்ளை வந்திருக்கிறீர், பாரும் எண்டு போட்டு, வேணுமெண்டே கண்ணை வேறை பக்கம் திருப்பிக்கொண்டு, கத்தியை விட்டு ஒரே இழுவையாக் கீறி, ரெண்டு விரலை உள்ளுக்கு விட்டன். அந்தாள் குனிஞ்சு, அந்த நீட்டுக் கழுத்தை மீனுக்குள்ளையே கொண்டு வந்து பாத்துப்போட்டு, என்ன சொன்னவர் தெரியுமோ? என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு...

"ஜெசிந்தாவின்ரை ஆக்கள் ஆர்? ஜெசிந்தா!"

நான்! நான்தான் பிள்ளை, மனிசன்! என்ன? முடிஞ்சுதோ?

"இல்லை ஐயா. டொக்டர் உங்களைக் கதவடிக்கு வரட்டாம்."

முடியேல்லையாம் அண்ணை. கதவடிக்காம். பிள்ளை, கொஞ்சம் பொறும், ஒண்டே ஒண்டு சொல்லும். எனக்கு ஏதும் சொல்லவோ கூப்பிடுறார்? கேக்கவோ?

"ஏதோ கேக்கோணுமாம். கெதியா வாங்கோ."

கேக்கவாம் அண்ணை. கேக்கவாம்! வாறன் பிள்ளை, வாறன்.